இளங்கன்றும் பயமறியும்

'இளங்கன்று பயமறியாது' என்று முதலில் சொன்னவர், கன்றைத் தள்ளி நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கூடவே இருந்து வளர்த்தவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். என் மகளுக்கு ஐந்து வயது. அவள் பயப்படும் பொருள்களின் பட்டியல் நீளமானது. அதில் தர்க்கம் எதுவும் கிடையாது. பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் உறுமத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவாள். ஊதிய பலூனின் பக்கத்தில் போக மாட்டாள். ஊதாத பலூனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவாள். தாடி வைத்தவர்கள் சிரித்தால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். இருட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதே பெண்தான் பூங்காவில் என் உயரத்தைப்போல் இரு மடங்கு இருக்கும் கயிற்றுவலையில் ஏறி உச்சியைத் தொடுகிறாள். பார்ப்பவர்கள் "இந்த வயதில் என்ன தைரியம், பயமே தெரியவில்லையே" என்கிறார்கள். நானும் மரியாதைக்குத் தலையாட்டிவைக்கிறேன். அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு இரண்டு மூன்று படிக்கும் அவள் நிற்கிறாள்; கழுத்தைத் திருப்பிக் கீழே பார்க்கிறாள். உதவி வேண்டி அல்ல. கையை நீட்டினால் கோபம் வந்துவிடும். நான் அங்கே இருக்கிறேனா, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும். கைபேசியில் குனிந்திருந்தால் அடுத்த கால் எழாது. "அம்மா, பார்!" என்று அங்கிருந்தே ஒரு குரல் வரும். நிமிர்ந்து பார்த்தால், ஏறிவிடுவாள்.

குழந்தையின் துணிச்சலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேலே ஏறும் காலையே பார்க்கிறார்கள். எனக்கு அந்தத் திரும்பும் கழுத்துதான் பெரிதாகத் தெரிகிறது.

எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உயரமான மேடையின்மேல் தடித்த கண்ணாடி பதித்தார்கள். ஒரு பாதியில் கட்டம் போட்ட விரிப்பு கண்ணாடியை ஒட்டியே இருக்கும். மறுபாதியில் அதே விரிப்பு வெகு கீழே தரையில் கிடக்கும். கண்ணாடி தாங்கும் என்றாலும் கண்ணுக்கு அது ஒரு பள்ளம். ஆறரை மாதம் முதல் பதினான்கு மாதம் வரையிலான 36 குழந்தைகளை ஒவ்வொருவராக நடுவில் இருந்த பலகையில் விட்டு, தாயை இரு பக்கத்திலிருந்தும் மாறி மாறி அழைக்கச் சொன்னார்கள். நடுப்பலகையை விட்டு நகர்ந்தவர்கள் 27 பேர். அவர்கள் எல்லோரும் ஆழமில்லாத பக்கத்துக்கு ஒரு முறையாவது போனார்கள். பள்ளத்தின்மேல் தவழ்ந்தவர்கள் 3 பேர் மட்டுமே. சில குழந்தைகள் அம்மாவிடம் போகவும் முடியாமல், பள்ளத்தைக் கடக்கவும் மனமில்லாமல் அழுதார்கள்.

பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இன்னும் தவழத் தொடங்காத குழந்தையை அந்தப் பள்ளத்தின்மேல் மெல்லப் படுக்க வைத்தால் அதன் இதயத்துடிப்பு குறைகிறது. அது ஏதோ புதிதாக இருக்கிறதே என்று உற்றுப் பார்ப்பதன் அடையாளம். தவழ்ந்து பழகிய குழந்தைக்கோ துடிப்பு கூடுகிறது. படுத்த இடத்திலேயே கிடந்தவரை இல்லாத பயம், சொந்தமாக நகரத் தொடங்கியதும் வருகிறது. 'அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்' என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்ததற்கு ஒரு வயதுக் குழந்தையே சாட்சி சொல்லும்.

ஆக, பயம் இருக்கிறது. பிறகு எப்படி ஏறுகிறார்கள்?

அதே மேடையை வைத்து ஜோசப் காம்போஸ் உள்ளிட்ட நால்வர் 1985இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளத்தின் ஆழத்தைச் சுமார் 30 சென்டிமீட்டராகக் குறைத்தார்கள். பயந்து ஒதுங்கும் அளவுக்கு ஆழமும் இல்லை, யோசிக்காமல் கடந்துபோகும் அளவுக்குச் சமதளமும் இல்லை. ஒரு வயதுக் குழந்தைகள் விளிம்புவரை தவழ்ந்து வந்து, நின்று, எதிரே இருந்த அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா பேசக் கூடாது. முகத்தால் மட்டும் காட்ட வேண்டும். மலர்ந்த முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகத்தைப் பார்த்தவர்கள் 17 பேர், ஒருவர்கூடக் கடக்கவில்லை. உளவியல் ஆய்வுகளில் இவ்வளவு சுத்தமான பூஜ்ஜியத்தைக் காண்பது அரிது. இதைப் படித்த பிறகு நான் கயிற்றுவலையின் கீழே நிற்கும்போது என் முகத்தை என்ன செய்வதென்றே சிறிது காலம் தெரியவில்லை. பதற்றத்தை மறைக்கச் சிரித்துச் சிரித்து, பக்கத்தில் நின்ற பெற்றோர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதை இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும்: குழந்தை நம்புகிறது, ஆகவே துணிகிறது. ஆனால் அது சொன்னதைக் கேட்கும் பிள்ளையின் கதை. அதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. யார் சிரித்தாலும் குதித்துவிடும் நம்பிக்கையை எதற்காகக் குழந்தையிடமிருந்து கற்க வேண்டும்? பெரியவர்களிடம் அது வேண்டிய அளவு இருக்கிறதே.

கேரன் அடால்ஃபும் கேத்தரின் டாமிஸ்-லெமொண்டாவும் மற்றவர்களோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு இந்த விஷயத்தைத் திறந்து காட்டியது. ஒன்றரை வயதுக் குழந்தைகள், சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஒரு சரிவுப் பாதை, கீழே அம்மா. சில முறை அம்மா 'வா, வா' என்று ஊக்கப்படுத்துவார். சில முறை 'வேண்டாம், நில்' என்று தடுப்பார். மிக லேசான சரிவில், அம்மா வேண்டாம் என்றபோதும் குழந்தைகள் இறங்கி நடந்தார்கள். மிகச் செங்குத்தான சரிவில், அம்மா எவ்வளவு அழைத்தும் நடக்க மறுத்தார்கள். இரண்டுக்கும் நடுவே, விழலாம், விழாமலும் இருக்கலாம் என்ற சரிவில் மட்டும் அம்மாவின் பேச்சு எடுபட்டது. வா என்றால் பெரும்பாலும் நடந்தார்கள். வேண்டாம் என்றால் பெரும்பாலும் நின்றார்கள்.

சரியாகப் பேசக்கூட வராத வயதில் இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று இன்னும் வியப்பாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைக் குழந்தை தானே தீர்மானித்துக்கொள்கிறது. தெரியாத அந்த நடுப்பகுதிக்கு மட்டும், நம்பத்தகுந்த ஒரே ஒருவரின் முகத்தைக் கேட்கிறது. நம்பிக்கைக்கு வேலை இருக்கும் இடம் அந்த நடுச்சரிவுதான்.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வேலையை விடலாமா என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம்; விட வேண்டும் என்பது எப்போதோ தெரிந்துவிட்டது, யாராவது அதை நம் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டால் போதும் என்று அலைகிறோம். லேசான சரிவின் உச்சியில் வருடக்கணக்காக நின்றுகொண்டிருக்கிறோம். இன்னொரு பக்கம், போட்ட பணம் இரட்டிப்பாகும் என்று தெரிந்தவர் ஒருவர் சிரித்த முகத்தோடு சொன்னால், செங்குத்துப் பாறையிலிருந்து குடும்பத்தோடு குதிக்கிறோம். ஒன்றரை வயதுக் குழந்தை அங்கே உட்கார்ந்து தலையை ஆட்டி மறுத்திருக்கும். நிஜமான நடுச்சரிவு வரும்போதோ, யாரையும் திரும்பிப் பார்க்காமல் தனியாக விழித்திருக்கிறோம்.

அடால்ஃபின் ஆய்வுகளில் மற்றொரு விவரமும் உண்டு. தவழும் குழந்தை பல வாரப் பழக்கத்தில் எந்தச் சரிவு தனக்கு ஆகும், எது ஆகாது என்று துல்லியமாகக் கற்றுவிடுகிறது. அதே குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கியதும், தவழும்போது மறுத்த அதே சரிவில் நடந்து போய்ச் சறுக்கி விழுகிறது. மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டும். எனக்கு இது ஆறுதலாக இருந்தது. ஆயிரம் பேர் கூடிய அரங்கில் கூசாமல் பேசுகிற ஒருவர், மருத்துவப் பரிசோதனை முடிவு இருக்கும் உறையைப் பிரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் சேர்த்த துணிச்சலை அடுத்த இடத்தில் செலவழிக்க முடிவதில்லை.

விழுவதைப் பற்றியும் ஒரு சொல். தத்தித் தத்தி நடக்கும் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்து, 17 முறை விழுகின்றன என்று அடால்ஃப் குழுவினர் 2012இல் கணக்குக் கொடுத்தார்கள். இந்த எண் இப்போது ஊக்கப் பேச்சாளர்களின் கையில் சிக்கிக்கொண்டது. 'குழந்தைபோல் விழுந்து எழு' என்கிறார்கள். குழந்தை குள்ளம், எடை குறைவு. விழும் தூரம் சிறியது. பெரும்பாலும் சில நொடிகளில் எழுந்து விளையாட்டைத் தொடர்கிறது. முப்பது ஆண்டுக் கடன் தலையில் இருப்பவர் விழும் உயரம் வேறு. அவரிடம் போய்க் குழந்தையைக் காட்டுவது நியாயமில்லை. குழந்தைக்கும்கூட எல்லா வீழ்ச்சியும் சிறியதல்ல. தண்ணீர், சாலை, நெருப்பு ஆகிய மூன்றின் அருகிலும் அதன் தைரியத்தைப் பாராட்டிக்கொண்டு நிற்காமல் கையைப் பிடிப்பதுதான் நம் வேலை.

சரி, அந்த முகத்தைக் குழந்தை ஏன் நம்புகிறது? பெற்றவள் என்பதற்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த முகம் இதுவரை பொய் சொல்லாமல் இருந்தால்தான் அது நடக்கும். தடுப்பூசி போடும் அறையில் இதன் விலை தெரியும். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி உள்ளே அழைத்துப்போவது எளிது. அடுத்த முறை அதே வாக்கியம் செல்லாது. தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரையில், அச்சத்தைக் கூட்டும் பேச்சோடு பொய்யான ஆறுதலையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. என் மகளிடம் "கொஞ்சம் வலிக்கும், நான் பிடித்துக்கொண்டிருப்பேன்" என்றேன். அழுதாள். நன்றாகவே அழுதாள். முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொஞ்சம்தான் வலித்தது, நீ சொன்ன மாதிரியே" என்றாள். என் வாழ்நாளில் யாரும் எனக்குத் தந்த சான்றிதழ்களில் அதற்கு மேலானது இல்லை.

குழந்தையின் தைரியம் என்றதும் எனக்கு நினைவுக்கு வரும் பெயர் ரூபி பிரிட்ஜஸ். 1960 நவம்பர் 14ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்த கறுப்பினச் சிறுமி. ஆறு வயது. நீதிமன்ற உத்தரவு அவள் பக்கம். வாசலில் கூச்சலிடும் கூட்டம். நான்கு மத்திய அரசுக் காவலர்கள் சூழ அவளை அழைத்துப் போனார்கள். அழவில்லை, ஒரு குட்டிச் சிப்பாயைப்போல நடந்தாள் என்று அந்தக் காவலர்களில் ஒருவர் பிறகு நினைவுகூர்ந்தார்.

இந்தக் கதையைப் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவளே பெரியவளான பிறகு சொன்னது இன்னும் சுவையானது. அந்த முதல் நாள், கூட்டத்தையும் கூச்சலையும் பார்த்து, அவர்கள் ஊரின் மார்டி கிரா திருவிழா ஊர்வலம் என்று நினைத்தாளாம். அன்று அவள் அஞ்சாததற்குக் காரணம், அஞ்ச வேண்டியது எது என்று தெரியாததுதான். பிறகு தெரிந்தது. கூட்டத்தில் ஒருத்தி ஒரு சிறிய சவப்பெட்டியில் கறுப்பு பொம்மையை வைத்துத் தூக்கிப் பிடித்தாள். அது ரூபியை மிகவும் பயமுறுத்தியது. இன்னொருத்தி விஷம் வைத்துக் கொல்வேன் என்று மிரட்டியதால், வீட்டிலிருந்து கொண்டுவந்ததை மட்டுமே உண்ண வேண்டியதாயிற்று. மற்ற பெற்றோர்கள் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, அந்த ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை வகுப்பறையில் அவள் ஒருத்திக்கு மட்டும் பாடம் நடத்தினார். பயம் வந்த பிறகும் ரூபி பள்ளிக்குப் போவதை நிறுத்தவில்லை. போகும் வழியில் பிரார்த்தனை செய் என்று அவள் அம்மா சொல்லிக்கொடுத்தார். அது வசவுகளிலிருந்து தன்னைக் காத்தது என்கிறாள்.

எனக்கு முதல் நாள் ரூபியைவிட இரண்டாம் வாரத்து ரூபி முக்கியம். முதல் நாள் அவளிடம் இருந்தது குழந்தைமை. அதை யாரும் கற்றுக்கொள்ள முடியாது, ஒரு முறை போனால் திரும்பி வராது. பொம்மையைப் பார்த்த பிறகு அவளிடம் இருந்ததை எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். வகுப்பறையில் ஒரு முகம்; வீட்டில் ஒரு முகம்; காரில் போகும்போது முணுமுணுப்பாகப் பேசிக்கொள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒன்று.

பிரார்த்தனையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: படியில் நின்று கழுத்தைத் திருப்புவது. இறை நம்பிக்கை இல்லாத நண்பர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களும் யாரையோ, எதையோ திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் அம்மா பெரிய பக்தை. ஆனால் அவருக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானபோது கடவுள் படத்தின் முன் போவதற்கு முன்பு மருத்துவரின் முன் உட்கார்ந்து, மயக்க மருந்து எவ்வளவு நேரம், தையல் எப்போது பிரிப்பார்கள், வேறு வழி இல்லையா என்று மருத்துவர் களைத்துப்போகும்வரை கேட்டார். தெரிந்துகொள்ள முடிந்ததையெல்லாம் தெரிந்துகொண்டு, மிச்சம் இருந்ததை மட்டும் கடவுளிடம் கொண்டுபோனார். ஆய்வுக்கூடத்தில் ஒன்றரை வயதுக் குழந்தைகள் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

கடோபநிஷத்தில் வரும் நசிகேதனின் கதையிலும் இதே கழுத்து திரும்புகிறது. தந்தை கோபத்தில் 'உன்னை யமனுக்குக் கொடுத்தேன்' என்று சொல்ல, யமனின் வாசலில் மூன்று இரவுகள் பட்டினியாகக் காத்திருந்த சிறுவன். மூன்று வரங்கள் கிடைக்கின்றன. மரணத்துக்குப் பின் என்ன என்ற அந்தப் பெரிய கேள்வியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது மூன்றாவது வரம். முதல் வரத்தில் அவன் கேட்டது வேறு: என் தந்தையின் கோபம் தணிய வேண்டும், நான் திரும்பிப் போகும்போது என்னை அடையாளம் கண்டு அன்போடு வரவேற்க வேண்டும். யமனுக்கு எதிரே நின்றுகொண்டும், பையன் முதலில் பார்த்தது அப்பாவின் முகத்தை. அது சரியான பிறகே மரணத்தோடு வாதாடத் துணிந்தான்.

இதையெல்லாம் இவ்வளவு அக்கறையாகத் தேடிப் படித்ததற்குக் காரணம் தண்ணீர். நாற்பதைத் தாண்டிய பிறகு நீச்சல் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். மகளைச் சேர்க்கப் போன இடத்தில், 'அம்மாவும் வந்தால்தான் இறங்குவேன்' என்று அவள் போட்ட நிபந்தனையால் நேர்ந்தது அது. அவள் சில வகுப்புகளிலேயே மல்லாந்து மிதக்கக் கற்றுவிட்டாள். நான் மூழ்கிக்கொண்டிருந்தேன்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோரின் உடல் தண்ணீரில் மிதக்கும். ஆனால் காற்று இருப்பது மார்பில், கால்கள் கனமானவை. பயத்தில் தலையைத் தூக்கியதும் இடுப்பு தாழ்கிறது, கால்கள் அதைப் பின்தொடர்கின்றன, மூக்கில் தண்ணீர் ஏறுகிறது. தப்பிக்கச் செய்யும் செயலே அமிழ்த்துகிறது. இதை நான் கரையில் நின்று அழகாக விளக்குவேன். தண்ணீருக்குள் போனதும் கழுத்து எழுந்துவிடும். செங்குத்தும் அல்லாத, சமதளமும் அல்லாத என் சரிவு அது. அறிவு சொல்வது போதவில்லை.

எங்கள் பயிற்சியாளர் என்னைவிட மிக இளையவர். முதுகின் கீழே அவர் உள்ளங்கை இருக்கும். சிலர் கற்பவருக்குத் தெரியாமல் கையை எடுத்துவிட்டு, 'பார், நீயே மிதந்தாய்' என்று மகிழ்விப்பார்களாம். இவர் அப்படிச் செய்வதில்லை. "இப்போது கையை எடுக்கப்போகிறேன். இங்கேயேதான் நிற்பேன்" என்று முன்கூட்டியே சொல்வார். சொன்னால் பயம் கூடும் என்றுதான் நினைத்தேன். கூடத்தான் செய்தது. இருந்தாலும் கை இருக்கும்போது இருக்கிறது என்று முழுதாக நம்ப முடிந்தது. எந்த நொடி காணாமல் போகுமோ என்று காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு நாள் அவர் கையை எடுத்தார். நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். காதுக்குள் தண்ணீர், எங்கோ தொலைவில் மகளின் அதட்டல் கேட்டது: "அம்மா, தலையைத் தூக்காதே! வயிற்றை மேலே வை!"

ஆழமான பகுதிக்குப் போகலாம் என்று பயிற்சியாளர் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார். ஆழம் எவ்வளவு, பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே இருக்கிறது, அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்றெல்லாம் கேட்க ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன். மகளுக்கு ஒரே ஒரு கேள்விதான்: அவளும் வரலாமா என்று. கூடாது என்று சொல்லிவிட்டேன். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துவிட்டு ஒப்புக்கொண்டிருக்கிறாள்.